தாய்மாமன் வயிற்றில் ஒரு கேமரா

ஏப்ரல் 2

இந்த டைரி, போர் போடும் ரிக் வண்டிகளுக்குத் துளையிடும் பிட் விற்கும் கடைக்காரர் ஆங்கில வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கின்றன. அந்த மூன்று மாதமும் என் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எழுத நேரமில்லை, அவ்வளவுதான். இப்போது டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பதால் நேரம் வந்திருக்கிறது.

நான் சென்னியப்பன். திருச்செங்கோட்டில் வந்து இறங்கி, நல்ல போர்வெல் மேனேஜர் யார் என்று கேட்டால் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஏழாவது வரை படித்தேன். எட்டாவது வாத்தியார் என் கேள்விகளைத் தாங்கமாட்டாமல் தாமாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் பூமிதான் எனக்குப் பள்ளிக்கூடம். ராஜஸ்தானில் ஒட்டகமே நம்பிக்கையை விட்டுவிட்ட இடத்தில் தண்ணீர் எடுத்தேன். ஆப்பிரிக்காவில் நான் போட்ட போரில் ஊற்று அடித்தபோது ஒரு சிங்கம் வந்து வரிசையில் நின்று குடித்துவிட்டுப் போனது. அது நாய் என்கிறாள் என் மனைவி வளர்மதி. அவள் ஆப்பிரிக்கா போனதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதிமூன்று இருக்க வேண்டியது ஏழுதான் இருக்கிறதாம். உள்ளே எங்கேயோ ஒழுகுகிறது என்கிறார்கள். வாய் வழியாக ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழே ஒரு குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் இருக்கிற சிறுகுடல் இரண்டு குழாய்க்கும் எட்டாத தூரம். அதைப் பார்க்கக் கோயம்புத்தூர்தான் போக வேண்டுமாம்.

இதெல்லாம் எனக்கு ஒரு கவலையே இல்லை. எனக்கு ஜூன் எட்டாம் தேதிதான் முக்கியம். அன்றைக்கு என் தங்கச்சி ருக்குமணியின் மகள் தாரணிக்குக் கல்யாணம். எங்கள் வகையறாவில் பெண் மணமேடைக்கு நடந்து போகமாட்டாள், தாய்மாமன்தான் தூக்கிக்கொண்டு போய் இறக்க வேண்டும். ருக்குமணிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஏப்ரல் 4

காலையில் முட்டி மாத்திரை போட்டுக்கொண்டு, அரிசிச் சிப்பம் ஒன்றை வாசலிலிருந்து அடுப்படி வரை தூக்கிப் பழகினேன். பாதியில் இறக்கிவைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியதால் அல்ல, சிப்பத்தின் தையல் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க.

முட்டி மாத்திரை என்பது மாத்திரைக் கணக்கில் வராது. கல்யாணம் நிச்சயமான பிப்ரவரியிலிருந்து மெடிக்கல் ஷாப் பூபதி கொடுத்து வருகிறான். டாக்டர் சீட்டெல்லாம் கேட்கமாட்டான், மரியாதை தெரிந்தவன். போட்டால் முட்டி இருப்பதே தெரியாது. கம்பரசருக்கு கிரீஸ் அடிக்கிறோம், அதை மருந்து என்றா சொல்கிறோம்?

ஏப்ரல் 7

தாரணி காரில் கூட்டிக்கொண்டு போனாள். கோயம்புத்தூரில் வங்கி வேலை அவளுக்கு. பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் நஸ்ரீன் என்று ஒரு அம்மா. சின்ன வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் அலமாரியில் ஏதோ எடுத்தார் என்கிறாள் தாரணி.

ஒரு மாத்திரையைக் காட்டினார். சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் பருமன். அதற்குள் கேமராவும் விளக்கும் பேட்டரியும் இருக்கிறதாம். முழுங்கினால் போதும், போகிற வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே போகும். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ மூளை முதலில் பார்க்கும், பிறகு டாக்டர் பார்ப்பார்.

"இதென்னங்கம்மா புதுசு? ஆயரம் அடிப் போருக்குள்ள நாங்க கேமரா எறக்கி, ஊத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அன்னைக்கே பாத்துப்போட்டமுங்க" என்றேன்.

"அப்ப உங்களுக்கு நான் வெளக்கவே வேண்டாம்யா" என்று சிரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "மூட்டு வலி, முதுகு வலின்னு பெயின் கில்லர் ஏதாவது சாப்பிடறீங்களா?"

"வலின்னா என்ன கலருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"மாமா, நெசத்தச் சொல்லுங்க" என்றாள் தாரணி. "படி எறங்கறப்ப பக்கவாட்டுல நண்டாட்ட எறங்கறீங்க."

"அது ஸ்டைலு கண்ணு."

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது தாரணி ஆரம்பித்தாள். "மாமா, உங்களுக்கு முட்டி வலி மட்டும் இருக்குதுன்னு தெரிஞ்சுது, தூக்கறதுக்கு விடவே மாட்டன். நான் பாட்டுக்கு நடந்து போயிக்குவேன், சொல்லிட்டேன்."

"நீ நடந்து போனா நான் எதுக்குடா சாமி மாமன்னு அங்க நிக்கறது? மொய் எழுதறதுக்கா?"

அதற்குப் பிறகு ஈரோடு வரை நான்தான் பேசினேன். சிங்கத்தின் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே கேட்டதுதான், ஆனால் இந்தத் தடவை இரண்டு சிங்கம்.

ஏப்ரல் 12

இரும்புச் சத்து மாத்திரையை இன்றிலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அது குடலைக் கறுப்பாக்கி கேமராவின் கண்ணை மறைக்குமாம். நிறுத்திவிட்டேன். முட்டி மாத்திரையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

நாளைக்குக் கேமரா. இன்று முழுக்க வெறும் நீர் ஆகாரம். இளநீர், வடிகட்டின சூப்பு, அப்புறம் வயிற்றைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீர். அதைக் குடித்த பிறகு நடந்ததை எழுதினால் டைரி தாங்காது. எங்கள் ரிக் கம்பரசர் அடிக்கிற வேகத்தில் நடந்தது என்பதோடு விடுகிறேன்.

காந்தியைவிடக் கடுமையான விரதம் இருந்தேன். ஒரே ஒரு முறை, வளர்மதி கொல்லைப்பக்கம் போயிருந்தபோது, தக்காளிச் சட்னி கெட்டுப்போய்விட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். கெடவில்லை. சந்தேகம் முழுதாகத் தீர ஒரு தோசை தேவைப்பட்டது.

ஏப்ரல் 17

சரித்திரத்தில் எழுத வேண்டிய நாள்.

காலையில் நர்ஸ் அம்மிணி என் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். அதில் ஒரு பெட்டி. வயிற்றுக்குள்ளிருந்து வரும் படமெல்லாம் அந்தப் பெட்டியில் சேருமாம். மல்யுத்தக்காரனுக்கு ஜெயித்த பிறகு கட்டுகிற பட்டையை எனக்கு முன்னாலேயே கட்டிவிட்டார்கள். கேமரா கையில் இருக்கும்போதே விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கினேன். பக்கத்துப் படுக்கைப் பொள்ளாச்சிக்காரர் அவருடையதை முழுங்க நாலு தடவை முயன்றார். கடைசியில் நான் போய்த் தைரியம் சொன்னதால்தான் இறங்கியது.

பெட்டியில் இருந்த சின்னத் திரையில் என் இரைப்பை தெரிந்தது. ரோஜா நிறம். மடிப்பு மடிப்பாக, பளபளவென்று. இத்தனை அழகை இத்தனை நாள் உள்ளே வைத்துக்கொண்டு சும்மா நடமாடியிருக்கிறேன்.

"மேல எறக்கற கேசிங் பைப்பு அம்சமா இருக்குது. இன்னும் கீழ போனாத்தான் பாறை வரும்" என்றேன்.

"பாறையெல்லாம் வராதுங்க, பேசாம நடங்க. நடந்தாத்தான் கேமரா நகரும்" என்றார் நர்ஸ்.

நடந்தேன். ஆஸ்பத்திரியில் எல்லா மாடிக்கும் போய் எல்லாருக்கும் விளக்கினேன். படம் நேராக அமெரிக்காவுக்குப் போகிறது என்று கேன்டீனில் சொன்னேன். குளியலறையில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது என் தொப்புள் மஞ்சளாக ஒளிர்ந்தது என்று லிப்ட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

மத்தியானம் இரண்டு இட்லிக்கு அனுமதி கிடைத்தது. பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். தாரணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப்போனது. நகர்த்தவில்லை. உள்ளே கேமரா ஏதாவது கெட்டதைப் பார்த்துக்கொண்டிருக்குமோ, ஜூன் எட்டாம் தேதி இவளை யார் தூக்குவது என்று யாரோ நினைத்தார்கள். நான் இல்லை. எதிரே இருந்த பொள்ளாச்சிக்காரராக இருக்கலாம்.

ஏப்ரல் 18

கேமரா பத்திரமாகக் கரை சேர்ந்தது. மேல்விவரம் எழுத இது இடமில்லை.

ஏப்ரல் 22

முடிவு சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் நஸ்ரீன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஐயா, உங்க வயித்துக்குள்ள ஆயிரக்கணக்குல படம் எடுத்திருக்கு. முன்னாடியெல்லாம் அத்தனையும் நானே ஒக்காந்து ஓட்டிப் பாக்கணும். ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல. ஒரு தும்மல் போட்டா ஒரு புண்ணு தப்பிப் போயிரும். இப்ப ஏஐ மொதல்ல பாத்து, சந்தேகமா இருக்கற படத்த மட்டும் ஒதுக்கிக் குடுத்துரும். அதுங்களையும் அக்கம்பக்கத்துப் படங்களையும் நான் நிதானமாப் பாப்பேன்."

"தண்ணிக்குப் பாயிண்ட் பாக்கறவராட்டங்க" என்றேன். "அவரு எடத்தக் காட்டுவாரு. தொளை போடலாமா வேண்டாமான்னு மேனேஜருதான் சொல்லணும்."

"கரெக்டா சொன்னீங்க. இது பாயிண்ட் பாக்கறவரு. நான் மேனேஜர்."

முதல் படம் வந்தது. நடுவில் ரத்தச் சிவப்பாக ஒரு துண்டு. அதைச் சுற்றிக் கம்ப்யூட்டர் கட்டம் போட்டு ரத்தம் என்று எழுதியிருந்தது. தாரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அல்லது என் கை.

"பயப்படாதீங்க, பாயிண்ட்காரர் இதுல ஏமாந்துட்டாரு" என்றார் டாக்டர். "இது தக்காளித் தோல். மொத நாள் நீர் ஆகாரம் மட்டும்தான்னு சொல்லியிருந்தமே ஐயா?"

"மாமா!" என்றாள் தாரணி.

"மோந்துதான் பாத்தனுங்க. மூக்கு வழியா எறங்கியிருக்கும்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த படத்தில் காற்றுக் குமிழி, அதுவும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த படம் வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இது நெசம்."

ரோஜாச் சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைக் குழி, ஓரமெல்லாம் சிவப்பு. பக்கத்தில் இன்னொன்று. தள்ளி வேறு சில. ஒன்றிலிருந்து நூல் மாதிரி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"புத்துநோயாங்க?" இதைக் கேட்டது தாரணி. நானே கேட்டிருப்பேன், அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா, அந்த மாதிரி எதுவும் தெரியல. இது புண்ணு. கசியற எடம் ரெண்டே படத்துலதான் மாட்டியிருக்கு. இந்த ஏஐ காட்டலைன்னா நான் தவற விட்டிருந்தாலும் விட்டிருப்பேன்." பிறகு டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா ஐயா, இங்க புண்ணு இருக்குன்னு மட்டும்தான் இதுக்குத் தெரியும். ஏன் வந்துச்சுன்னு தெரியாது. அத நீங்கதான் சொல்லணும். இந்த மாதிரிப் புண்ண, பெயின் கில்லர் நெறைய சாப்பிடறவங்ககிட்ட பாத்திருக்கேன். நீங்க அதெல்லாம் தொடறதே இல்லைன்னா நான் வேற நோயத் தேடணும். பெரிய குழாய் விட்டு, சதை எடுத்து, டெஸ்ட்டுக்கு அனுப்பணும். கல்யாணத்துக்குள்ள முடியுமான்னு தெரியல."

இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் தாரணி. திரையில் என் குடல், அதுவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, எனக்கொரு சிநேகிதரு இருக்கறாருங்க" என்றேன்.

"சொல்லுங்க."

"அவரு முட்டிக்கு மாத்தர போடறாருங்க. சேப்புக் கலரு."

"தெனமும் எத்தனை?"

"காத்தால ரெண்டுங்க. மத்தியானம் ஒண்ணு. கொஞ்ச நாளா பொழுதோடவும் ஒண்ணு."

"எப்ப இருந்து?"

"பிப்ரவரியில இருந்துங்க."

"சாப்பிட்டுட்டுதானே போடறாரு?"

"காத்தால வெறும் வயித்துலதாங்க. அவருக்கு அவசரம். கல்யாணச் சோலி பாருங்க."

தாரணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஒன்றும் இல்லை, தண்ணீர் டேங்க்தான்.

"அந்த சிநேகிதர் இன்னைக்கே அத நிறுத்திரணும்" என்றார் டாக்டர். "நிறுத்தினாத்தான் புண்ணு ஆறும். பல பேருக்கு அதுவே போதும். ஆறலைன்னா அப்புறம் மத்த டெஸ்ட் பாத்துக்கலாம். ரத்தம் ஏற இரும்புச் சத்து டிரிப் எழுதறேன், முட்டிக்கு மேல தடவற மருந்து எழுதறேன். சீட்டுல உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க. அவருக்கு வாங்கிக் குடுக்கறது நான்தானுங்களே."

கிளம்பும்போது டாக்டர் ஒன்று கேட்டார். என் பெயரில்லாமல், என் படங்களை மட்டும் அந்த ஏஐக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று. தாராளமாக என்று கையெழுத்துப் போட்டேன். ஆக, தக்காளித் தோல் வேறு, ரத்தம் வேறு என்று உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கப் போவது நான். ஏழாவது படித்தவன்.

பெருந்துறை தாண்டியதும் காரை ஓட்டியபடியே தாரணி கேட்டாள்.

"மாமா, உங்க சிநேகிதருக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா?"

"இல்லையாட்டந்தான் தெரியுது கண்ணு."

"அப்புடி யாரத் தூக்கறதுக்காக அந்த மனுசனுக்கு இத்தன அவசரம்?"

கொஞ்ச தூரம் வைப்பரைப் போட்டுக்கொண்டே ஓட்டினாள். மழை இல்லை.

ஏப்ரல் 23

எங்கள் வீட்டின் பின்பக்கம் வறண்டுபோன போர் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து, சிநேகிதருடைய மாத்திரை அட்டைகளை அவர் சார்பில் நானே உள்ளே போட்டு மூடினேன். அறுநூறு அடி. இனி வேண்டுமென்றால் கேமரா விட்டுத்தான் தேட வேண்டும்.

என் வீட்டிலேயே போர் வறண்டது எப்படி என்று சிலர் கேட்பார்கள். பாயிண்ட் பார்த்தது நான் இல்லை, மாமனார்.

ஏப்ரல் 25

முட்டி.

மே 3

டிரிப் ஏற்றினார்கள். காப்பிக் கலரில் இரும்பு. வாழ்நாளெல்லாம் பூமிக்குள் இரும்பு இறக்கினவனுக்குள் இப்போது இரும்பு இறங்குகிறது. நர்ஸிடம் இதைச் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டார்.

முட்டிக்குத் தைலம். வளர்மதி தேய்த்துவிடுகிறாள். தேய்க்கும்போது, "ஏனுங்க, பூபதி கடைக்குப் போயி அவன நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வந்தனுங்க" என்றாள் சாதாரணமாக.

"எதுக்கு?"

"உங்க சிநேகிதருக்காகத்தான்."

தாரணி இவளிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. தைலம் நல்ல தைலம்.

மே 19

மறுபடி ரத்தம் சோதித்தார்கள். ஒன்பதரை. டாக்டர் போனில், "உங்க சிநேகிதர் சொன்ன பேச்சு கேக்கறாரு போல" என்றார். என்னைப் பார்த்துத் திருந்தியிருப்பார் என்றேன். அரிசிச் சிப்பத்தை இன்று அடுப்படி வரை ஒரே மூச்சில் கொண்டுபோனேன். ஆனால் முட்டியை மடக்கி எழுந்தபோது வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 3

தாரணி வந்திருந்தாள். ஒரு முடிவோடுதான் வந்திருப்பாள் என்று தெரியும். அடுப்படியில் அத்தையும் மருமகளும் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறாள் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தேன். சொன்னால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று சொல்ல வசனம் கூட வைத்திருந்தேன்.

"மாமா, நீங்கதான் தூக்கறீங்க" என்றாள்.

வசனம் வீணாகிவிட்டது.

"ஆனா எப்புடித் தூக்கறதுன்னு நான் சொல்றபடி. குனிஞ்சு ரெண்டு கையில ஏந்தறதெல்லாம் வேண்டாம், பட்டுப்பொடவ கசங்கிப் போயிரும். நின்னமேனிக்கு இடுப்போட சேத்துப் புடிச்சுக்குங்க. நான் உங்க தோளப் புடிச்சுக்கறேன். பொடவை நீளமாக் கட்டச் சொல்லியிருக்கறன்."

கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். பிடித்துத் தூக்கினேன். நம்பமுடியவில்லை, பஞ்சு. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வளர்மதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க பலத்த நெனச்சு."

ஜூன் 8

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது.

மண்டபத்தில் ஆயிரம் பேர், இரண்டாயிரமும் இருக்கலாம். மேளம் உச்சத்தில் அடித்தது. மணமகள் அறை வாசலில் நான், புது வேட்டி, தலையில் உருமாலை. "மாமனக் கூப்புடுங்க, மாமனக் கூப்புடுங்க" என்று எல்லாரும் கத்தினார்கள். ருக்குமணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் போலிருந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தாரணி வந்து என் தோளைப் பிடித்தாள். மாலை, பட்டு, பூ, நகை. அத்தனை கனத்தோடும் பிடித்துத் தூக்கினேன். வாசலிலிருந்து மணமேடை வரை நல்ல தூரம், இடையில் மூன்று படி வேறு. கூட்டம் வழிவிட்டது. நான் அசரவில்லை. முட்டி முதல் படியில் ஒரு தரம் பேசப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அவள் இன்னும் லேசாகிவிட்டாள், காற்றில் தானாகவே எழும்பின மாதிரி. காதுக்குள், "மெதுவா வாங்க மாமா, நானும் வாரேன்" என்றாள்.

"நீ எங்க வார, நான்தான தூக்கிட்டு வாரேன்" என்றேன்.

"ஆமாங்க மாமா, நீங்கதான்" என்றாள்.

மணமேடையில் இறக்கியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இந்த வயசுலயும் என்ன தெம்புங்க!" என்றார். "இன்னும் ரெண்டு பொண்ணு இருந்தாலும் ஒரே கையில தூக்குவனுங்க" என்றேன். பட்டுப்புடவையின் கீழ்க்கரை முழுக்க மண்டபத்துத் தரை அழுக்கு ஒட்டியிருந்தது. இந்தக் காலத்தில் மண்டபத்தை யார் சுத்தமாகப் பெருக்குகிறார்கள்?

ஜூன் 27

கல்யாண வீடியோவும் ஆல்பமும் வந்தன. ரத்தம் பதினொன்றைத் தாண்டிவிட்டது என்று இன்றைக்கே போனும் வந்தது. ஆக இரட்டைச் சந்தோஷம். வளர்மதி கேசரி கிண்டினாள்.

எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். நான் தாரணியைத் தூக்கிக்கொண்டு வருகிற இடத்தை மூன்று தடவை போடச் சொன்னேன். என் முகம் கம்பீரமாக இருக்கிறது. தாரணியின் சிரிப்பு, மாலை, என் உருமாலை, சுற்றிலும் ஜனம், எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கின்றன. ஆனால் வாசலிலிருந்து மேடை வரை ஒரு இடத்தில்கூடக் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. ஆல்பத்திலும் அப்படித்தான்.

கேமராக்காரத் தம்பியிடம் போனில் கேட்டேன். "தாரணி அக்காதானுங்க சொன்னாங்க" என்றான். "மாமன் தூக்கிட்டு வாரப்ப காலு பக்கம் மட்டும் எடுத்துறாதீங்கன்னு கண்டிசனா சொல்லிப்போட்டாங்க."

என் வயிற்றுக்குள் போன கேமராவுக்கு இந்த நாகரிகம் தெரியாது. அது பார்த்ததையெல்லாம் எடுத்துவிட்டது.

நல்ல பையன். தெரிந்தவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் இவனையே சொல்ல வேண்டும்.